தனசேகரனுக்கு நீட்டிய முதல் கூழ்

அன்பு மகள் செவ்வந்திக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாடு கன்றும் இங்கே சுகம், டேராடூன் மழைக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏரி விஷயத்தை விட்டுவிடு, எனக்கு ஆலைக்காரர்மேல் கோபம் இல்லை என்று போனில் சொன்னாய். உனக்கு இல்லாமல் இருக்கலாம். நீயும் காலேஜ் பிள்ளைகளும் ஆலைக் கழிவு கலந்த ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோன மறுநாள், ஜவ்வரிசி ஆலை தனசேகரன் கோயில் வாசலில் ஊரே கேட்க, பாட்டில தூக்கிக்கினு ஊரு சுத்தற பொண்ண எவன் கட்டுவான் என்றார். அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டு எலவனாசூர்கோட்டைக்காரர்கள் நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். நீ அழாமல் வேலைக்கு அவ்வளவு தூரம் போய்விட்டாய். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

இந்த ஆடியில் கூழ் உபயத்தை அவரே கேட்டு வாங்கினார், கெட்ட பெயரைக் கழுவிக்கொள்ள. உபயக்காரர் தன் தலையில் ஏரித் தண்ணீர் சுமந்து வர வேண்டும், அதில் காய்ச்சிய முதல் சொம்பை அவர்தான் குடிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஏரி கெட்டதிலிருந்து கேன் தண்ணீரில் காய்ச்சுகிறோம், யாரும் வாய் திறப்பதில்லை. நான் திறந்தேன். ஆலைக்காரரே தண்ணி நல்லாகீதுன்னு கலெக்டருக்கு எழுதிக் குடுத்திருக்காரே, அப்பறம் இன்னாத்துக்கு கேனு என்று பூசாரி அய்யனாரைக் கேட்டேன். அவர் உபயக் குடத்தை எடுத்துக் கொடுத்தார். உன் கூட்டாளி பெரியநாயகியும் பிள்ளைகளும் பம்பை அடித்து ஏரிக்குப் போய்த் தனசேகரன் தலையில் குடத்தை ஏற்றிவிட்டார்கள். ஊருக்குக் கேன் தண்ணீரில் பெரிய அண்டா, அவருக்கு மட்டும் ஏரித் தண்ணீரில் சின்னப் பானை, நானே துழாவினேன். எத்தனை மோர் விட்டும் அந்தப் புளித்த மரவள்ளித் தோல் வாடை போகவில்லை. குடிங்க அண்ணே, ஆத்தா பாத்துக்கினு கீறா என்று சொம்பை நீட்டினேன். மூக்குவரை கொண்டுபோனவர், வயிறு சரியில்லை என்று கீழே வைத்துவிட்டார். கலெக்டருக்கு நல்லாகீற தண்ணி உங்க வயித்துக்கு மட்டும் ஆவலியா என்று கூழுக்கு வரிசையில் நின்ற குஞ்சம்மாள் கேட்டாள், பம்பைக்காரனே சிரித்துவிட்டான். அவரைப் பெற்ற அம்மாவே எழுந்து பந்தலை விட்டுப் போனார். எனக்குப் பாவம் என்று தோன்றவே இல்லை, செவ்வந்தி.

சுதந்திர தினக் கிராம சபையில், கழிவை ஏரியில் விடக்கூடாது என்று பெரியநாயகி தீர்மானம் படித்தாள். போன வருஷம் கோயில் வாசலில் அவர் உன்னைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டவர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். நேற்று தனசேகரன் ஆள் கண்ணாயிரம் வந்து, கழிவுக் கொழாய அடச்சிடறோம்கா, இத்தோட வுட்டுடுங்க என்றான். குழாயை அடைப்பது ஊருக்கு, என் பெண்ணைச் சொன்னதற்கு அதே கோயில் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கச் சொல் என்று அனுப்பிவிட்டேன்.

நீ நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொள். விட்டுவிடு என்று மட்டும் இனிச் சொல்லாதே. ஆவணிக் கடைசியில் அவர் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க நம் வீட்டுக்கும் வந்துதான் ஆக வேண்டும். வந்தால் பாய் விரித்து உட்கார வைத்து, குடிக்க ஒரு சொம்பு தண்ணீரும் கொடுப்பேன். அவர் தலையில் சுமந்த அந்தக் குடத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பச்சையம்மாள்