ஐந்து எஞ்சினும் ஒரே நேரத்தில்

புரட்டாசி 15, புதன்

காலையிலிருந்து மூடாப்பு. மழை இல்லை. ஆயுத பூஜை. வாங்க வேண்டியது: பொரி, கடலை, பூசணி, வாழை இலை.

ஹாலில் பெரிய மேசை மேல் மாப்பிள்ளையின் ரயில் பாதை. ஐந்து எஞ்சின். கண்ட்ரோலரில் எந்த எண்ணை அழுத்துகிறோமோ அந்த எஞ்சின் மட்டும் கிளம்பும், கூவும். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கப் போகிறார். பள்ளிக்கூடங்களுக்குச் செய்து கொடுப்பாராம். ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில் அண்ணனுக்கு ஒரு கடை காலி. கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் அண்ணன் வருவது.

மாப்பிள்ளை காலையிலேயே சொன்னார். "அத்தை, கரண்ட் பெட்டி மூணு எஞ்சினத்தான் தாங்குமுங்க. நம்பர அமுக்கிட்டா, சும்மா நின்னாலும் லைட்டும் சத்தமும் கரண்ட இழுக்கும். மேல போட்டா பெட்டி கட் ஆயிரும்." பொரி வாங்கக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே மறுபடியும், "மூணுதானுங்க அத்தை."

"தெரியுதுங்க மாப்பிள்ள. நான் என்ன சின்னப்புள்ளையா?"

அவர் போனதும் ஐந்து எஞ்சினுக்கும் சந்தனம், குங்குமம். சக்கரத்தடியில் வைத்து நசுக்க எலுமிச்சை ரொம்பப் பெரிசு. சுண்டைக்காயை மேசை மேலேயே நசுக்கினேன்.

அண்ணனும் அண்ணியும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். மூன்றை ஓட்டிக் காட்டினேன். ஜோராக ஓடியது. அண்ணி: "ரெண்டு எதுக்கு நிக்குது? பூசை போட்ட வண்டிய நிறுத்தி வெப்பாங்களா?"

அண்ணனின் லாரி ஷெட்டில் பூஜை முடிந்தால் எல்லா லாரியும் சேர்ந்து ஸ்டார்ட் ஆகும். ஒன்றுகூட நிற்கக் கூடாது. அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். மற்ற இரண்டையும் அழுத்தினேன்.

டக். ஐந்தும் நின்றது. எஞ்சின் விளக்கும் போச்சு.

அண்ணன் சிரித்தார். "என்னம்மிணி, ஷெட்ட உட்டு ரோட்டுக்கு வாரதுக்குள்ள பிரேக்டவுனா?"

என் வாய் இருக்கிறதே. "மாப்பிள்ள ஒயரச் சரியா மாட்டல போலிருக்குதுண்ணா."

வாசலில் பொரிப் பையோடு மாப்பிள்ளை. கேட்டுவிட்டார். கண்ட்ரோலரைப் பார்த்தார். ஐந்து எண்ணும் அதில். என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ற தப்புதானுங்க" என்றார் அண்ணனிடம்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நான் சொன்ன பொய்.

புரட்டாசி 16, வியாழன்

நல்ல வெயில். விஜயதசமி. "சாப்டாச்சுங்களா அத்தை?" மாப்பிள்ளை எப்போதும் போலத்தான். திட்டியிருந்தால் தேவலை.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே மகள்: "ஏம்மா, அவருக்கு ஒயர் மாட்டத் தெரியலன்னு மாமாகிட்டச் சொன்னியாமே?"

"நான் எப்படி அப்படிச் சொல்லுவேன்?" இன்னொரு பொய். பூஜை முடிந்த கையோடு.

ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். இறங்கி வந்தால், மாப்பிள்ளை எஞ்சின் சக்கரத்தில் ஒட்டிய குங்குமத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

புரட்டாசி 18, சனி

ஒரு பொழுது. பெருமாள் கோயிலில் கூட்டம், புழுக்கம். மற்ற சனிக்கிழமை என்றால் பெருமாளிடம் கேட்பதற்கு நூறு இருக்கும். இன்று துளசியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்ததும் அண்ணனுக்குப் போன். ஹாலில் மாப்பிள்ளை ஒயரைச் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்தேன்.

நான் ஆரம்பிப்பதற்குள் அண்ணன்: "மாப்பிள்ளகிட்டப் பேசீட்டேன் அம்மிணி. எத்தன எஞ்சின் தாங்கும்னு உன்றகிட்டச் சொல்ல மறந்துட்டாராமா. அவரே சொன்னாரு. அதயே மறக்கறவரு, புள்ளைங்க நடமாடற எடத்துல கரண்ட் வேல எப்படிப் பாப்பாரு? கடைய வேற ஆளுக்கு உட்டுரலாம்னு இருக்கறேன்."

"அவரு மறக்கலண்ணா. ரெண்டு வாட்டி சொன்னாரு. நாந்தான் அஞ்சையும் அமுக்கினேன். அவரு மேல பழியப் போட்டதும் நாந்தான்."

ஒயர் சுற்றும் சத்தம் நின்றது.

"அப்பறம் எதுக்கு மறந்துட்டேன்னு சொல்றாரு?"

"உன்ற முன்னால எனக்குத் தலகுனிவு வரக்கூடாதுன்னுதாண்ணா."