கடவுச்சொல் இல்லாமல் வந்த குரல்

மார்ச் 9, திங்கள்

பண்டக அறையில் வால்வு எண்ணிக்கொண்டிருந்தபோது என் வாய் என்னைக் கேட்காமலேயே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டது.

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் இருபத்துநான்கு வருடமாகத் தொலைபேசி எடுக்கும் அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. பேச்சில் வந்த புகாருக்கு அது தடையாக இருக்கவில்லை. குரலை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார். இப்போது பாதிப் புகார்கள் கணினியில் எழுத்தாக வருகின்றன. திரையில் மூக்கு உரச உரசப் படிக்கிறார். புது மேலாளர் இருபதாம் தேதி சோதனை வைத்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் பத்துப் புகார்களைப் படித்து உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம் என்று அவர் சொல்லவில்லை.

எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் நம் கணினிகளில் ஓடும் லினக்ஸுக்கு இருக்கிறது, தமிழும் பேசும், எனக்கு அரை மணி நேர வேலை என்றேன். அலுவலகமே எழுந்து நின்றது. சரி, மூன்று பேர். அதில் ஒருவர் தேநீர் எடுக்க எழுந்தவர்.

மார்ச் 10, செவ்வாய்

நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் இந்தக் கணினிகளில் ஒரு துரும்பையும் நிறுவ முடியாது. அந்தக் கடவுச்சொல் என் மைத்துனன் தலைக்குள் இருக்கிறது. என் மனைவியின் தம்பி. கணினி அறைக்கு அவன்தான் எல்லாம். அவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் நான். (விழுந்தபோது தூக்கிவிட்டேன். கற்றுக்கொடுப்பதில் பாதி அதுதானே?)

விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொன்னான். அனுமதி வர நான்கு வாரம் ஆகுமாம். எழுதிக் கொடுத்தேன். அதுவரை கடவுச்சொல்லைக் காதோடு சொல்லு என்றேன்.

"அக்காவே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன் மாமா. உங்க ஃபோல்டருக்குள்ள என்ன வேணா போட்டுக்கோங்க. அதுக்கு என் தயவு எதுக்கு?"

கிண்டலாகத்தான் சொன்னான். நான் பேனாவை எடுத்து 'என் ஃபோல்டர்' என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

முடியும்!

மார்ச் 13, வெள்ளி

பத்தாம் வகுப்பை மூன்று முறை ஆழ்ந்து படித்தவன் நான். எனக்கே இது புதிது. அலுவலகத்தில் எல்லோருடைய கோப்புகளும் ஒரே பெரிய கணினியில்தான் இருக்கின்றன, ஆளுக்கொரு கோப்புறை. பொது இடத்தில் மென்பொருளை வைக்கத்தான் நிர்வாகி வேண்டும். அதன் மூலநிரலை இறக்கி, 'நீ என் கோப்புறைக்குள் உட்கார்' என்று முதலிலேயே இடம் குறித்துவிட்டு, அங்கேயே கட்டி எழுப்பினால் யாரும் கேட்க முடியாது. இடம் குறிக்க மறந்தால் அது நேரே பொது இடத்துக்குப் போய், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டுத் திரும்பும். நேற்று முழுக்க எனக்கு நடந்தது இதுதான். பதினோரு முறை. வெளியே இரண்டு முறை என்று சொல்லியிருக்கிறேன்.

பேசும் மென்பொருள் தனியாகவும் வராது. ஒலிக்கு ஒரு துணை, அந்தத் துணைக்கு ஒரு துணை. எல்லோருக்கும் என் கோப்புறையிலேயே பாய் விரித்தேன்.

மார்ச் 16, திங்கள்

பேசியது.

தொலைபேசியம்மாவின் மேசையில், அவர் கணினியில், என் கணக்கில் நுழைந்து ஓட விட்டேன். முதல் வாக்கியம் நான் எழுதிக் கொடுத்தது: "பண்டகக் காப்பாளர் ஒரு மேதை." சளி பிடித்த ஆள் மூச்சுவிடாமல் செய்தி வாசிப்பது போல ஒரு குரல். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் அழைப்பு ஒன்றைத் தவறவிட்டார். இருபத்துநான்கு வருடத்தில் முதல் முறையாம். மைத்துனன் அறை வழியாக இரண்டு தடவை நடந்தேன். அந்தப் பக்கம் எனக்கு வேலை எதுவும் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

போச்சு.

காலையில் அவர் தன் கணக்கில் நுழைந்தார். சத்தமே இல்லை. 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்கிறது. எப்படி இருக்கும்? நான் போட்டதெல்லாம் என் கோப்புறையில். அவர் கணக்கிலிருந்து பார்த்தால் அது அடுத்தவன் வீடு, பூட்டிய கதவு. கதவைத் திறந்துவிடலாமென்றால், கோப்புறையைப் பிறருக்குத் திறந்தால் கணக்கு முடக்கப்படும் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. புகார்களோ அவர் கணக்குக்குத்தான் வரும்.

இது கூடவா தோணல உனக்கு? மேதையாம் மேதை. ஒரு பொம்பள வேலைய வெச்சு நீ பெருமை அடிச்சுட்டு இருந்திருக்க.

சோதனைக்கு மூன்று நாள்.

மார்ச் 18, புதன்

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "உங்க ஃபோல்டர்ல போட்டத என் ஃபோல்டர்லயும் போடலாம்ல அண்ணே? நானும் இங்க ஒரு ஆள்தானே?" என்றார்.

போடலாம். ஆனால் எதற்குப் பின் எதைத் தட்டினேன் என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. மேதைகள் எழுதி வைப்பதில்லை. சாயங்காலம் வரை முட்டிக்கொண்டோம்.

மார்ச் 19, வியாழன்

அவர் தட்டினார், நான் திரையைப் பார்த்துப் படித்தேன். என் ஆங்கிலத்துக்கு ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும். பி, இ, ஆர், எம் என்று ஆரம்பித்தாலே, "அனுமதி இல்லேங்குது, அடுத்த வரிக்குப் போங்க" என்பார். விரல்கள் பார்க்காமலே ஓடுகின்றன. நான் ஒரு சொல்லைத் தேடி முடிப்பதற்குள் மூன்று வரி அடித்துவிடுகிறார். நான்காவது முறையில் அவரே நிறுத்தினார்: "எங்க உக்காரணும்னு நீங்க இன்னும் சொல்லலியே அண்ணே."

மறந்திருந்தேன். பன்னிரண்டாவது முறை.

மூன்றரை மணிக்குக் கட்டி முடிந்தது. கட்டளை எங்கே இருக்கிறது என்று கணினிக்கு வழி காட்டும் ஒரு வரியையும் சேர்த்தார். வெளியே போய், மறுபடி தன் கணக்கில் நுழைந்தார். முதலில் வந்த புகாரைக் கொடுத்தார். மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, பேசினாலும் பயனில்லை என்று சளிக்குரல் வாசித்தது. இவ்வளவு இனிமையான புகாரை நான் கேட்டதில்லை.

மார்ச் 20, வெள்ளி

பத்துப் புகார். நாற்பத்தொரு நிமிடம். நான் கதவுக்கு வெளியே வாஷர் பெட்டியோடு நின்றிருந்தேன், ஏதோ வேலை இருப்பது போல.

மேலாளர் மைத்துனனைக் கூப்பிட்டு, இதைப் போட யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அவங்க ஃபோல்டர்ல அவங்க போட்டது சார். அதுக்கு அனுமதி தேவையே இல்ல."

வெளியே வந்து என்னிடம், "அரை மணி நேரமா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

அலுவலகம் முழுக்க நான்தான் போட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. இனி மாற்ற முடியாது. இந்த நோட்டில் மட்டும்: தட்டியது அவர் விரல். தவறைப் பிடித்ததும் அவர் காது.

ஏப்ரல் 16, வியாழன்

என் விண்ணப்பத்துக்கு இன்றுதான் பதில் வந்தது, நகல் தொலைபேசியம்மாவுக்கும். தான் படித்துப் பார்க்காமலே அதைக் குரலுக்குக் கொடுத்தார். சுற்றி ஆறு பேர் நின்றோம். (ஆறுதான். எண்ணினேன்.) 'தங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு, மேற்படி மென்பொருளை நிறுவலாமா என்பது குறித்து...' என்று சளிக்குரல் மூச்சுவிடாமல் போய்க்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

ஒரு விரலால் சளிக்குரலின் வாயை மூடிவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"குடிநீர் ஆபீஸ். சொல்லுங்க, எந்தத் தெரு?"

மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. நான் வால்வு எண்ணப் போனேன்.