இன்ஜினுக்குப் போன பேர்

நெமிலிச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

வரலட்சுமி எழுதிக்கொண்டது. நானும் அத்தையும் நலம். ஈரோட்டில் நீங்களும், நீங்கள் கொண்டாடும் அந்த ரயில் இன்ஜினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் இதைப் பேச ஆரம்பித்தால் உடனே உங்களுக்கு டூட்டி வந்துவிடும். அதனால்தான் எழுதி, உங்களோடு வண்டி ஓட்டும் இருதயராஜ் தம்பி கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது. மேல் வீட்டு விஷால்தான் ஆள் கூட்டி வந்து பார்த்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லீவில் வந்திருக்கும் இருதயராஜ், பட்டாபிராமிலிருந்து நம் வீட்டுக்கும் வந்து போனார். டிரைவர்களெல்லாம் இன்ஜின்களுக்குப் பட்டப்பேர் வைத்திருப்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தும்மித் தும்மிப் போகிற ஒன்று ‘மூக்குப்பொடி’யாம். ஹாரன் கம்மிப்போனது ‘பாகவதர்’. நானும் சிரித்தேன். அப்புறம் சொன்னார்: “அண்ணி, அண்ணன் ஒண்ணுக்கு முசுடுன்னு பேர் வெச்சிகீறாரு. காலைல பிரேக்குக்குக் காத்து ஏர்ற வரிக்கும் உறுமிகினே கீது. அப்பால எவ்ளோ லோடு குட்த்தாலும் இஸ்துகினு பூடுது.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் காபி குடிக்கும் வரை யாரிடமும் பேசமாட்டேன் என்று, கல்யாணமான புதிதில் நீங்கள் எனக்கு வைத்த பேர் அது. திருவேற்காட்டில் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எல்லார் காதிலும் விழும்படி அப்படிக் கூப்பிட்டதற்குச் சண்டை போட்டேன், வாஸ்தவம். நாலு பேர் முன்னால் வேண்டாம் என்றுதானே சொன்னேன்? அன்றிலிருந்து போனில்கூட ‘வரலட்சுமி, சாப்பிட்டியா’ என்று பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போலக் கேட்கிறீர்கள். அந்தப் பேரைக் கொண்டுபோய் இரும்புக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஆயுத பூஜைக்கு அதன் மூஞ்சியில் சந்தனம் பூசி, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற படத்தை ஸ்டேட்டஸில் வேறு வைத்தீர்கள். நம் கல்யாண நாளுக்கு ஒன்றையும் காணோம். எனக்கு வயிறு எரிகிறது மாமா. மறைக்க ஒன்றுமில்லை.

விஷாலுக்கு ரயில் பைத்தியம் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. ஐ.டி. வேலை லீவு விட்டால் கேமராவோடு ஸ்டேஷனில் நிற்பான். அவன் கூட்டாளிகள் வரைக்கும் அந்தப் பேர் பரவியிருக்கிறது. இன்று அது சரக்கு வண்டியோடு இந்தப் பக்கம் வருகிறது என்றான். அதில் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று நானும் போனேன். போய் நின்ற பிறகு வீம்பு வந்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டும் வேறு பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது விஷால், “முசுடு, இங்க பாரு” என்று கத்தினான்.

நான் திரும்பி, என்ன என்று கேட்டுவிட்டேன்.

அவன் கேமராவில் கண்ணை வைத்தபடி இன்ஜினைக் கூப்பிட்டிருக்கிறான். அதற்குள் அது தாண்டிப் போய்விட்டது. அதன் மூஞ்சியைக்கூட நான் நேரில் பார்க்கவில்லை. வழியெல்லாம் அவனோடு பேசாமலே வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்கு வேறு பேர் வைக்கச் சொல்லி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒட்டிக்கொண்ட பேர் இனி போகாது என்கிறான் விஷால். சரி, அதற்கும் இருந்துவிட்டுப் போகட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள், சிக்னல் பார்த்து ஓட்டுங்கள். அத்தை ஆசி சொல்லச் சொன்னார். தீபாவளிக்கு அக்கா வீட்டார் எல்லாரும் இங்கேதான் இருப்பார்கள். நீங்கள் கேட்டைத் திறக்கும்போதே என்னைப் பழையபடி கூப்பிடுங்கள். அடுப்படியில் இருப்பேன், கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுங்கள்.

உங்கள்,
வரலட்சுமி