மஞ்சப்பையில் முதலுதவி

ஜனவரி 8, வியாழன்
செஞ்சியில் முதலுதவிப் பயிற்சி. ரத்தம் பீறிட்டால் அழுத்திப் பிடிக்க வேண்டும், நிற்காவிட்டால் காயத்துக்கு மேலே பட்டையைக் கட்டி முறுக்க வேண்டும் என்று நர்ஸம்மா காட்டினார். பொம்மைக் காலிலிருந்து சிவப்பாகப் பாய்ந்தது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. தண்ணீர் தெளித்து எழுப்பி, "பீட்ரூட் சாறும்மா அது" என்றார். கிழங்கே நுழையாத சமண நயினார் வீடு எங்களுடையது. அந்தச் சாற்றைப் பார்த்தா மயங்கி விழுந்திருக்கிறேன்!

சிரிப்பு இருக்கட்டும். சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வெட்டி விற்கிறவள் நான். ஆட்களில் ஒருவருக்கு நிஜமாகவே வெட்டுப்பட்டால்? அப்போதும் விழுவேனா?

ஜனவரி 9
பயிற்சியில் கொடுத்த சிவப்பு முதலுதவிப் பெட்டியோடு தோப்புக்குப் போனேன். மரம் அறுக்கும் தாண்டவராயன் அதைப் பார்த்ததும் மிஷினைக் கீழே வைத்துவிட்டார். "காலங்காத்தால கட்டுத்துணிய காட்டுறீங்களே, வெளங்குமா?" வண்டியை எடுத்துக்கொண்டு தன் ஊரான வல்லத்துக்கே போய்விட்டார். லோடு போச்சு.

அவர் மனைவி மங்கை, வெட்டிய மரத்துக்குப் பட்டை உரிக்கிறவள், சிரிக்கிறாள். "ரத்தம்னு சொன்னாலே அதுக்கு ஆவாதுக்கா."

ஜனவரி 12
பெட்டியில் இருந்ததை எல்லாம் மஞ்சப்பைக்கு மாற்றினேன். சாப்பாட்டுப் பை மாதிரி வேப்பமரத்தில் தொங்குகிறது. மங்கைக்கு மட்டும் தெரியும். லாரிக்குப் பின்னால் அவள் காலில் பட்டையை முறுக்கிப் பழகினேன். "ஐயோ, வுடுக்கா!" என்று கத்திவிட்டாள். தாண்டவராயன் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் இன்னா சண்டை?" என்றார்.

ஜனவரி 16
மாட்டுப் பொங்கல். தாண்டவராயன் மிஷினுக்குப் பொட்டு வைத்தார். பைக்கும் வையுங்கள் என்று வாய் வரை வந்தது.

ஜனவரி 21


மிஷின் எகிறித் தாண்டவராயனின் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. பீட்ரூட் இல்லை இது. ஓடிப்போய்ப் பையைப் பிரித்தேன் — எலுமிச்சை சோறு! பொங்கலுக்கு ஜவுளிக்கடைக்காரன் ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி மஞ்சப்பையைக் கொடுத்துத் தொலைத்திருக்கிறான். மரம் முழுக்கப் பை.

அவர் துண்டையே காயத்தில் வைத்து, உடம்பு மொத்தத்தையும் போட்டு அழுத்தினேன். மங்கை பை பையாகக் கவிழ்த்தாள். சோறு. மறுபடி சோறு. வெற்றிலை. கடைசியில் அவரே முனகினார்: "மெத்துமெத்துன்னு ஒரு பை... மத்தியானம் தலைக்கு வச்சுப் படுத்தேன்... அதோ..."

உயிர் காக்கிற சாமானைத் தலையணையாக்கி வைத்திருந்தாரே மனுஷன்!

தொடையில் பட்டையைப் போட்டு முறுக்கினேன். "கால தனியா எடுத்துடுவீங்க போல இருக்குதே!" என்று அலறினார். வலித்தால்தான் சரியாகக் கட்டியிருக்கிறோம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். இன்னும் ஒரு முறுக்கு. ரத்தம் நின்றது. கட்டிய நேரத்தை அவர் காலிலேயே பேனாவால் எழுதினேன்.

108 வந்த பிறகுதான் விழுந்தேனாம். யாரை ஏற்றுவது என்று கேட்டார்களாம்.

ஜனவரி 22
ஆள் பிழைத்துவிட்டார். காலும் தப்பியது. மங்கை போனில் சொன்னதும் அழுதுவிட்டேன்.

மார்ச் 23
தாண்டவராயன் வேலைக்கு வந்துவிட்டார், லேசாக நொண்டிக்கொண்டு. மிஷினைத் தூக்கினார். சுற்றிலும் பார்த்தார். கீழே வைத்தார்.

"பெட்டி எங்கம்மா?"

மஞ்சப்பைக் குழப்பத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் பெட்டிக்கே மாற்றியிருந்தேன்; அதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். இன்றைக்கு ஒரு நாள்தானே என்றேன்.

"அது இல்லாம மிஷின ஸ்டார்ட் பண்ணா வெளங்குமா?" உட்கார்ந்தே விட்டார்.

மேல்சித்தாமூரில் என் வீடு வரை திரும்பிப் போய் எடுத்து வந்தேன். திறந்து, பட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு பெட்டிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்.

இன்றும் லோடு போச்சு.