வேப்பிலைக் கேள்வி

என்னங்க,

பதில் போட மாட்டீங்கன்னு தெரியும். ஆனா இதை உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்.

வைரஸால பிள்ளைங்க மூளைக்கு வர்ற கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிக்க, எங்க ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டரைப் பழக்குறோம். அது ஓயாம கோட்டை விட்டுச்சு. முன்னாடி ஏதாவது நோய் வந்துச்சான்னு ஃபாரத்துல கேட்டா, அம்மாங்க எல்லாரும் இல்லைன்னுதான் எழுதுறாங்க. அந்த வைரஸ் எப்பவோ வந்துபோன மணல்வாரி அம்மையோடது; அம்மையை யாரு நோய்ங்கிறா? நான்தான் கேள்வியை மாத்தினேன்: வாசல்ல வேப்பிலை கட்டினீங்களா?

இன்னைக்கு வீராம்பட்டினத்துலேர்ந்து ஒரு ஸ்கூல் பொண்ணு வந்தா. நம்ம அபிக்கு ஆன மாதிரியே எழுத்தெல்லாம் மறக்குதாம். வலிப்பு வர்றதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு, மருந்தும் ஆரம்பிச்சாச்சு. சந்தோஷத்துல எனக்குச் சோறே இறங்கலை.

இந்தக் கேள்வி எப்படித் தோணுச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. அபியோட ஃபாரத்துல இல்லைன்னு எழுதினது யாருன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

உங்க பிள்ளையோட அம்மா