சலூன் கண்ணாடியில் அறுபத்தொரு கோடுகள்

சிறை,
மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு ஏது முகம் என்பீர்கள். இருந்தாலும் கேட்கிறேன், கை எப்படி இருக்கிறது? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அக்கா சும்மாவா சொல்வாள்!

ஆனால் நீங்கள் செய்தது மட்டும் நியாயமா? சவரம் முடிந்து எழுகிறவர்கள் தமக்குப் பிடித்த கால்பந்து ஆட்டக்காரனுக்குக் கடைக் கண்ணாடியில் சோப்புத் துண்டால் ஒரு கோடு போடட்டும் என்று ஆரம்பித்ததே நீங்கள்தான். போட்டியில் இருந்த மூவரும் ஒரே காலத்தில் ஆடி ஓய்ந்தவர்கள். மேலே உங்கள் ஜெர்மன்காரன், நடுவில் இத்தாலிக்காரன், அடியில் என் பிரேசில்காரன். சனிக்கிழமை மத்தியானம் எண்ணிப் பார்த்தேன். என் ஆளுக்கு அறுபத்தொன்று, உங்கள் ஆளுக்கு நாற்பது. ஞாயிறு காலை முடிவைப் பார்க்கத் தெருவே கூடி நிற்கும்போது அடிவரிசை மட்டும் சுத்தமாக மொட்டை!

"எவன்டா அழிச்சது?" என்று கத்தினேன். நீங்கள் வாயே திறக்கவில்லை. நாற்காலிக் காலுக்குப் பற்றவைக்கக் கொண்டுவந்த இரும்புக் குழாய் என் கையில் இருந்தது. அவ்வளவுதான்.

நான்தான் அழித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். என் மனசு ஆறும்.

உங்கள் மைத்துனன்,
வெல்டர்


சலூன்,
மார்ச் 15

மாப்பிள்ளைக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதல் அடியில் மணிக்கட்டு போனது. இரண்டாவதில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. தரையில் விழுந்த பிறகும் அடித்தாய். பாதி முகம் சவரம் ஆகியிருந்த தபால்காரர் சோப்போடு தெருவில் ஓடினார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், கத்தரி பிடிக்கிற விரல்கள்.

நான் அழிக்கவில்லை.

உன் மச்சான்


சிறை,
மார்ச் 22

மச்சான்,

விரல் விஷயம் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் இல்லையென்றால் வேறு யார்? பேரைச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் அந்த ஆளின் இரண்டு கையையும் முறித்துப் போடுகிறேன். பிரேசில்காரன் ஆட்டத்தை விட்டு இத்தனை வருஷமாகியும் இங்கே பத்துக்கு எட்டுப் பேர் அவன் பக்கம்தான். ஒருத்தன் ஜெர்மன்காரன் என்றான், பல்லைக் கழற்றிவிட்டேன். பேர் மட்டும் எழுதுங்கள் மச்சான், உங்களுக்காகச் செய்கிறேன்.

உங்கள் வெல்டர்


சலூன்,
ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

பேர் கேட்டாய். உன் அக்கா.

சனிக்கிழமை சாயங்காலம் கடையைக் கூட்டிவிட்டு ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்திருக்கிறாள். அவள் உயரத்துக்குக் கை எட்டியது அடிவரிசை வரைதான். அவளுக்கு ஏது பிரேசில், ஏது ஜெர்மனி? சோப்புக் கறை என்று நினைத்தாள்.

நீ கத்தும்போது அவள் எனக்குப் பின்னால் வெந்நீரோடு நின்றாள். "நான்தான்டா" என்று சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன். உன் கையில் குழாய் இருந்தது.

உன் கடிதத்தை அவளும் படித்தாள். அழவில்லை. "அவன் வெளிய வந்தா, இனிமே நீங்க எந்தக் கையால தடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மிஞ்சியது இந்த இடது கை ஒன்றுதான். அதனால் வராதே.

உன் அக்காவின் புருஷன்