கேம்பல் பேயில் சிறைப்பட்ட தாய்மாமன்

கேம்பல் பே
ஹெலிபேட் பக்கத்து வாதாம்மர நிழல்
புதன்கிழமை, உச்சிவெயில்

சௌபாக்கியவதி ப்ரியங்காவுக்கு, ஏழு கடலும் பார்த்து நடுங்கும் உன் மாமன் பக்தவத்சலம் ஆசி கூறி எழுதுவது. நான் நலம். நலமில்லாதது கப்பல் மட்டும்.

ஒருத்தரும் நம்பமாட்டாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்லப் போகிறேன். போர்ட் பிளேரில் நம் கராச்சர்மா வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, உரக்கப் படி.

வெள்ளிக்கிழமை உன் கல்யாணம். உன் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துவர வேண்டியவன் கடலுக்கு இந்தப் பக்கம், தெற்குக் கோடித் தீவில் கிடக்கிறேன். எல்லாம் இங்கே இருக்கும் உன் அப்பாவின் சித்தப்பா ஜம்புலிங்கத்தால். நேரில் வந்து தட்டு வைத்து அழைத்தால்தான் வருவாராம். போனில் அழைத்தால் போதாதா என்றதற்கு, சாப்பாட்டையும் போனிலேயே போட்டுவிடுவீர்களா என்று கேட்ட மனுஷன். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரே அழைக்க வந்திருப்பார். அவர் இல்லாத குறை தெரியக்கூடாது என்று நான் வெற்றிலை பாக்கோடு கப்பலேறினேன். மறுநாளே திரும்புகிற கப்பல் உண்டு என்று போட்டிருந்தார்கள், நம்பினேன். முப்பது வருஷம் இந்தத் தீவுகளில் குப்பை கொட்டியவன் கப்பல் நேரத்தை நம்பினான் என்று வெளியே சொல்லாதே, மானம் போய்விடும்.

கப்பலுக்கு இன்ஜின் கோளாறு. டிக்கெட் கவுன்டரில் தினமும் "கல் ஆயேகா" என்கிறான், நாளை வருமாம். அவனுடைய நாளை இன்னும் பிறக்கவில்லை. போன் டவரும் படுத்துவிட்டது. கிழக்கே கடல், மேற்கே காடு, வடக்கே போகிற ரோடு காட்டில் முடிகிறது, தெற்கே போகிறது கடலில் முடிகிறது. கப்பல் ஜெட்டிக்குப் போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வேலை. ஜம்புலிங்கம் தாத்தாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். அழைக்க வந்தவனும் போகவில்லை, தானும் போகவேண்டாம், சீட்டாட ஆள் கிடைத்தது என்கிறார்.

இன்று காலை அவருடைய விஜய் நகர் வீட்டுக்கு ஆள் வந்து, போர்ட் பிளேர் போகிற ஹெலிகாப்டரில் எனக்கு ஒரு சீட் கிடைத்திருப்பதாகச் சொன்னான். பஸ் வரவில்லை. நடந்தேன். அம்மா, அது வெயிலா? ரோட்டுத் தார் உருகி என் செருப்பைப் பிடித்துக்கொண்டு, போகாதே மாமா என்று கெஞ்சியது. ஜோகிந்தர் நகர் தாண்டும்போது என் நிழலே என் வயிற்றுக்கடியில் ஒதுங்கிக்கொண்டது. ஒரு முதலை ஓடையிலிருந்து ஏறி வந்து, இந்த வெயிலில் உன்னைக் கடித்தால் என் வாய் வெந்துவிடும், நீயே போய்க்கொள் என்று வழிவிட்டது. ஒரு சர்தார்ஜி வீட்டில் மோர் கொடுத்தார்கள். நான் குடித்த வேகத்தில் அவர்கள் எருமை பயந்து காட்டுக்குள் ஓடிவிட்டது. இப்படியாக, பாதி ஆவியாகி, கேம்பல் பே வந்து சேர்ந்தேன்.

இங்கே ஆளையும் பையையும் எடைபோட்டுத்தான் ஏற்றுவார்கள். நான் கால் வைத்ததும் மெஷின் "அய்யோ" என்று அலறி நின்றுவிட்டது. பைலட் ஓடி வந்து கும்பிட்டு, பெரியவரே, தாங்கள் ஏறினால் ஹெலிகாப்டர் பறக்காது, தீவுதான் சாயும் என்றார். சரி, தீவு பிழைக்கட்டும் என்று இறங்கிவிட்டேன். மாமன் வராத காரணம் இதுதான். யார் கேட்டாலும் இதையே சொல்.

ஒரு விஷயம். உன் கையைப் பிடிக்க ஒன்றுவிட்ட மாமன்கள் நாலு பேர் ஜரிகை வேட்டியோடு முண்டியடிப்பார்கள். யாருக்கும் கொடுக்காதே. உன் அம்மா விசாலாட்சி பிடிக்கட்டும். புருஷன் இல்லாதவள் முன்னே வரலாமா என்று யாராவது இழுத்தால், தாய்மாமன் கட்டளை, சந்தேகம் இருந்தால் கேம்பல் பேக்குப் போய்க் கேட்டுக்கொள் என்று சொல். எந்தக் கப்பலில் வருவான் பார்ப்போம். விசாலாட்சி அழுதுகொண்டே மூலையில் ஒதுங்குவாள். விடாதே. அவளுக்கு என் தங்கை என்கிற உரிமை ஒன்று போதும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் இங்கே பஜாரில் கடை வைத்திருக்கும் சிராஜின் மாமியார் நசீரா அக்கா. டீ கொடுத்து உட்காரவை. தீர்க்க சுமங்கலியாக, வாய் ஓயாமல் சிரித்துக்கொண்டு இரு.

இப்படிக்கு,
தீவையே சாய்க்கவல்ல உன் மாமன்,
பக்தவத்சலம்

பி.கு.: உனக்கு மட்டும். இதைச் சத்தமாகப் படிக்காதே. மெஷின் அலறவில்லை. எடை சரியாகவே இருந்தது, என் பெயரையும் கூப்பிட்டார்கள். நசீரா அக்காவின் மகள் ஜஸ்னாவுக்குத் தலைப்பிரசவம். வலி முன்கூட்டியே வந்துவிட்டது, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். சரக்கெடுக்கப் போன சிராஜ் கப்பலில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறான். அவளுக்கு சீட் உண்டு, கூடப் போக அம்மாவுக்கு இல்லை. அந்தப் பெண் அம்மா கையை விடாமல் நின்றாள். கதையில் நிஜம் இவ்வளவுதான்.